ஒற்றைக் காதில் கேட்ட நலங்குப் பாட்டு

சைக்கிளில் போகும்போது இடது காதில் மட்டும்தான் நான் பாட்டு கேட்பேன். வலது காது லாரிகளுக்கு. ஓசூர் – ராயக்கோட்டை சாலையில் தக்காளிக் கூடைகள் ஏற்றிய வண்டிகள் வலது தோளை உரசுவதுபோல் போகும். அவற்றின் ஹாரனுக்கென்று ஒரு காதைத் திறந்து வைக்காவிட்டால் பாட்டு கேட்க ஆள் மிஞ்சமாட்டான். இயர்போனின் வலதுபக்க ஒயரைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வேன். அது பாட்டுக்கு என் நெஞ்சோடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வரும்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கென்று வடக்கே வந்தவன். உத்தனப்பள்ளியில் ஒரு அறை, அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி கம்பெனி. கம்பெனி பஸ் உண்டு, நானும் முதலில் அதில்தான் போனேன். ஆனால் அந்த டிரைவர் ஒரு பாட்டைக்கூட முழுசாக ஓடவிடமாட்டார். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும்போது அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார். மூன்றாம் நாள் எழுந்து போய், “அண்ணாச்சி, ஒரு பாட்டையாவது முழுசா விடுங்க” என்றேன். “அப்ப ஒனக்குன்னு தனியா ஒரு பஸ் வெச்சுக்க” என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஓசூர் போய் ஒரு பழைய கியர் சைக்கிளை வாங்கி, முப்பது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம் போல எனக்குத் தோன்றிய வழியை மிதித்தே வந்துசேர்ந்தேன். மறுநாள் உட்கார முடியவில்லை என்பதை டிரைவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

கோபத்தில் வாங்கிய சைக்கிள்தான். ஆனால் ஒரு வாரத்தில் அது இல்லாமல் எப்படி இருந்தேன் என்று ஆகிவிட்டது. ஊரைத் தாண்டியதும் இருபுறமும் கேழ்வரகும் தக்காளியும், நடுநடுவே குடைமிளகாய் போட்ட வலைக்குடில்கள். பிறகு ஒரு நீண்ட ஏற்றம். ஏற்றத்தின் உச்சியில் ஒரு புளியமரம், அதைத் தாண்டினால் ஏரிவரை ஒரே இறக்கம். ஏற்றத்துக்கு மெதுவான பாட்டு வேண்டும், அவசரப் பாட்டைப் போட்டால் கால் அதோடு போட்டிபோட்டு மூச்சு வாங்கும். இறக்கத்துக்கு நாகஸ்வரமும் தவிலும். ஏரிக் காற்று சட்டையை உப்பவைக்க, தவில்காரர் உருட்டித் தள்ள, நான் ஹேண்டில்பாரில் தாளம்போட்டுக்கொண்டு இறங்குவேன். கம்பெனி வாசலில் பஞ்ச் அடிக்கும்போது நான் மட்டும்தான் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவள் முதலில் பேசினாள். தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். “காலைல ஏழு மணிக்கு இப்படிச் சிரிக்கிற ஆளை நான் பாத்ததில்லீங்க. உடம்பு எதுவும் சரியில்லையா?” என்று கேட்டாள். அவளுக்குப் பேரிகைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நிலபுலன் உள்ள வீடு, தக்காளியும் கேழ்வரகும் பயிர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். யாரிடமாவது போன் பேசி முடிப்பதற்குள் மூன்று பாஷையும் அவள் வாயில் வந்து போய்விடும். எனக்குத் தமிழே கோவில்பட்டித் தமிழ் மட்டும்தான்.

ஒன்றரை வருடத்தில் கல்யாணப் பேச்சுவரை வந்துவிட்டோம். இரண்டு வீட்டிலும் முனகினார்கள், பிறகு இறங்கி வந்தார்கள். அவளுடைய அப்பா என்னைத் தோட்டமெல்லாம் சுற்றிக்காட்டி, நல்ல தமிழில் சொட்டுநீர்க் குழாயைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினார். அம்மாதான் பேசவில்லை. தட்டு நிறையப் பரிமாறினார், நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டார். இரண்டாம் முறை போனபோது விடக்கூடாது என்று நானே எழுந்து, “நல்லா இருக்கீங்களாம்மா?” என்று கேட்டேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உதடு அசைந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான், திரும்பி அடுப்படிக்குள் போய்விட்டார்.

“ஒங்கம்மா வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தாயும் மகளும் சேர்ந்து பேசாமல் போனதில் நான் ஆடிப்போய்விட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த அம்மாவின் சம்மதம் வேண்டியிருந்தது. அப்பாவின் சம்மதத்தில் கல்யாணம் நடந்துவிடும், ஆனால் ஒரு வீட்டுக்கு மருமகனாகப் போய் அந்த வீட்டு அடுப்படி நம்மை ஏற்கவில்லை என்றால் காலம் முழுக்க விருந்தாளியாகவே இருக்க வேண்டியதுதான். தாலி கட்டுவதற்கு முன்பு அவர் என்னோடு ஒரே ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். திட்டினால்கூடப் போதும் என்று இருந்தது.

அதற்கு ஒரு வழி நலங்கில் கிடைத்தது. கல்யாணத்துக்கு முதல்நாள் பெண் வீட்டில் நடக்கும் நலங்கில் அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அவளுடைய தாய்மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்: “மாப்ள எங்க பாஷைல ஒரு பாட்டு பாடணுங்க. பாடினாத்தான் எலை போடுவாங்க. பாடலைன்னா எல்லாரும் சாப்பிடறதப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.” அதுவரை அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் சூளகிரி, பாகலூர்ப் பக்கத்து ஆட்கள். அவர்களுக்குத் தெலுங்கு தாய்ப்பாலோடு வந்தது. என்னை விட்டுவிடலாம் என்றுகூட யாரோ சொன்னார்கள். “ஏன் விடணும்? நான் பாடுதேன்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தெலுங்கில் எனக்கு எண்ணக்கூடத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

அன்றைக்கே அவள் என் போனுக்கு நாலரை நிமிடம் ஓடும் ஒரு பாட்டை அனுப்பினாள். தக்காளிக் கொட்டகையில் அவள் அம்மா பாடியது. மெல்லிய, நேரான குரல். பின்னால் பிளாஸ்டிக் கூடையில் தக்காளி விழும் சத்தம் தாளம்போல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“அம்மாவுக்குத் தெரியாம எடுத்தேன். தெரிஞ்சா பாடமாட்டாங்க. இதுல எப்படி இருக்கோ அப்படியே கத்துக்கணும். ஒரு எழுத்து மாத்தக் கூடாது” என்றாள்.

“அர்த்தம்?”

“அர்த்தமெல்லாம் அப்புறம். மொதல்ல வாயில வரட்டும்.”

இரண்டு மாதம் இருந்தது. நாகஸ்வரத்தையும் தவிலையும் ஒதுக்கி வைத்துவிட்டு இடது காதை முழுக்க என் வருங்கால மாமியாருக்குக் கொடுத்தேன். போகும்போது ஏழு தடவை, வரும்போது ஏழு தடவை. முதல் வாரம் வெறுமனே கேட்டேன். இரண்டாம் வாரம் முணுமுணுத்தேன். மூன்றாம் வாரத்தில் வாய்விட்டுப் பாட ஆரம்பித்தேன். சைக்கிளில் பாடுவதில் ஒரு வசதி, யாருக்கும் பாட்டு முழுசாகக் கேட்காது. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, ஒன்றரை வரி. அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் நாம் போய்விடலாம்.

நாளாக ஆக, காலையில் ஏற்றம் ஏறும் அந்த ஒரு தடவையில் பாட்டின் ஒவ்வொரு இடமும் சாலையில் ஒரு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தொடக்கம் பால் சொசைட்டி வாசல். இழுத்துப் பாட வேண்டிய இடம் வலைக்குடில்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்குவதால் அங்கே வரும் அடிகளை மிதிக்கு ஒரு சொல்லாக வெட்டிப் பாடப் பழகினேன். புளியமரத்தடியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு அடி வரும். அதற்கு முன் ஒரு சின்ன நிறுத்தம். பிறகு அந்த அம்மாவின் குரல் கொஞ்சம் தாழ்ந்து, குழைந்து, அதே மெட்டில் இப்படிப் போகும்: “ஈ பிள்ளோடிக்கி மன மாட ராதே, ஆகலைத்தே எட்ல அடுகுத்தாடோ.”

அதில் பிள்ளை என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. சாமிப் பிள்ளையாக இருக்கும், கிருஷ்ணனாகத்தான் இருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். அவ்வளவு உருக்கம் வேறு யாரைப் பார்த்து வரும்? ஏற்றம் முடிந்து மூச்சு திரும்பும் இடம், முகத்தில் ஏரிக் காற்று, எதிரே இறக்கம். அங்கே தொண்டையைத் திறந்து அந்த அடியைப் பாடும்போது எனக்குக் கண்ணே கலங்கிவிடும். ஒருமுறை பாடினால் போதவில்லை, இரண்டு முறை பாடுவேன்.

புளியமரத்தை ஒட்டிய தக்காளிக் கொல்லையில் தினமும் நாலைந்து பெண்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். நான் அந்த அடியைப் பாடும்போதெல்லாம் அவர்கள் சிரித்தார்கள். மற்ற அடிகளுக்குச் சிரிக்கவில்லை, சரியாக அதற்குத்தான் சிரித்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒரு அக்கா தூக்குவாளியைத் தலைக்கு மேல் தூக்கி, ஏதோ கேட்டு, வா வா என்று என்னை அழைத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிரேக் பிடித்து, “என்னக்கா சிரிப்பு? எங்க ஊர்க்காரன் வாயில இவ்வளவு வர்றதே பெருசு!” என்று கத்தினேன். “கோச்சுக்காதீங்க சாமி, நல்லாத்தான் பாடறீங்க. நாளைக்கும் பாடுங்க” என்றார் அவர், சிரிப்பை அடக்கமுடியாமல். உச்சரிப்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து அன்றிலிருந்து அந்த ஒரு அடியை மட்டும் கூடுதலாகச் சாதகம் செய்தேன்.

நலங்கு நாள் வந்தது. எங்கள் ஊரிலிருந்து வேனில் இருபது பேர் வந்து இறங்கினார்கள். சாயங்காலம் நாலு மணி, வெயில் சாய்ந்த பந்தலில் என்னையும் அவளையும் எதிரெதிரே மணையில் உட்காரவைத்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் சுற்றிலும் நின்று என் மூக்கையோ முடியையோ கேலிசெய்து ஒரு பாட்டுப் பாடினார்கள். எங்கள் வேன் ஆட்கள் புரியாமல் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் அக்காள் கணவர் பின்னாலிருந்து, “பாடும்வே, எங்களுக்கும் பசிக்கி” என்றார். அவளுடைய அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றார்.

நான் வாயைத் திறந்தேன். பாட்டு வரவில்லை. முதல் சொல்லே வரவில்லை. இரண்டு மாதம், நாளுக்குப் பதினான்கு தடவை பாடிய பாட்டு, துடைத்துவிட்டதுபோல் போய்விட்டது. சப்பணம் போட்டு உட்கார்ந்து நான் அந்தப் பாட்டை ஒரு தடவைகூடப் பாடியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதெல்லாம் என் காலில் இருந்தது. காலோ மடங்கிக் கிடந்தது.

“கொஞ்சம் எந்திரிச்சுக்கிடுதேன்” என்றேன்.

நலங்கில் மாப்பிள்ளை எழுந்து யாரும் பார்த்ததில்லை. நான் எழுந்து நின்று, வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலாக நின்ற இடத்திலேயே மிதித்தேன். பந்தல் முழுக்கச் சிரிப்பு. சிரிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நாலைந்து மிதி மிதித்ததும் பால் சொசைட்டி வாசல் வந்தது, பாட்டின் முதல் அடியும் வந்தது. வலைக்குடில்கள் வந்தன, இழுத்துப் பாடினேன். சிரிப்பு மெல்ல அடங்குவது கேட்டது. ஏற்றத்தில் சொல்லுக்கு ஒரு மிதியாக ஏறினேன். வேர்த்துக் கொட்டியது. உச்சிக்கு வந்துவிட்டேன். தொண்டையைத் திறந்து, கிருஷ்ணன் அல்லவா என்று இரண்டு கையையும் கூப்பி, அந்த அடியைப் பாடினேன்.

பந்தலில் சத்தமே இல்லை. ஆகா, உருகிவிட்டார்கள் என்று நினைத்து வழக்கம்போல் இரண்டாம் முறையும் பாடினேன்.

அப்போது வெடித்தது. ஒரு அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பந்தல் காலில் சாய்ந்துவிட்டார். அவளுடைய அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். எதிரே மணையில் குனிந்திருந்த அவளுடைய தோள் குலுங்கியது, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. என் கால் நின்றது, பாட்டும் நின்றுவிட்டது. “என்ன? என்ன தப்பு?” என்று கேட்டேன்.

தாய்மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னார். “தப்பெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. ஆனா அந்த அடி பாட்டுல இல்லீங்க.”

அந்த அம்மா தக்காளி தரம் பிரிக்கும்போது பாடிக்கொண்டேதான் இருப்பாராம். கை தாளத்தில் ஓடும்போது நடுவில் யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், பாட்டை நிறுத்தினால் கை நின்றுவிடும் என்று, சொல்லவேண்டியதையும் அதே மெட்டில் பாடிவிட்டு மேலே போவாராம். கூடையைத் தள்ளு என்பதையும், கன்று அவிழ்ந்துவிட்டது பார் என்பதையும் அப்படித்தான் சொல்வாராம். அந்தக் கொட்டகையில் வேலை செய்யும் எல்லோருக்கும் அது பழக்கம். அன்றைக்குப் பாடிக்கொண்டிருக்கும்போது நலங்கு ஞாபகம் வந்திருக்கிறது. மகளைப் பார்த்து அவர் சொன்னதைத்தான் நான் இரண்டு மாதமாகப் புளியமரத்தடியில் கண் கலங்கப் பாடியிருக்கிறேன்.

“இந்தப் பிள்ளைக்கு நம்ம பேச்சு வராதே, பசிச்சா எப்படிக் கேப்பான்?” இதுதான் அர்த்தம்.

நான் அவளைப் பார்த்தேன். “தெரிஞ்சேதான் அனுப்பினியா?”

“தெரிஞ்சேதான்” என்றாள். “அம்மாவுக்குத் தெரிஞ்ச தமிழெல்லாம் தக்காளி மண்டித் தமிழ். வா, போ, எடு, இறக்கு, அவ்ளோதான். மாப்பிள்ளையப் பாத்து ‘வா’ன்னு சொல்லிட்டா மரியாதை போயிடுமேன்னு பயந்துட்டு வாயே திறக்கல. நீங்க கொழுக்கட்டைன்னீங்க. நான் எடுத்துச் சொல்லியிருந்தா உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். அம்மாவுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? அவங்க கவலைப்பட்டது உங்க காதுல விழுந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?”

இரண்டு முறை அந்த வீட்டில் உட்கார்ந்து, தட்டில் விழுந்ததை எல்லாம் தின்றுவிட்டு, மனதுக்குள் அந்த அம்மாவை நான் என்னவெல்லாம் திட்டினேன் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது, அதை எப்படி மறைப்பது என்று தெரியாமல் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

அடுப்படி வாசலிலிருந்து அவர் வந்தார். கரண்டி இன்னும் கையிலேயே இருந்தது. முகம் சிவந்திருந்தது. கூட்டம் வழிவிட்டது. எனக்கு நேரே வந்து நின்று, நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

“ஆகலி. ஆகலி அனு, நாயனா.”

நாயனா என்று அங்கே பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவார்கள். அது கம்பெனியிலேயே எனக்குத் தெரியும். மற்றதை நான் ஊகித்துக்கொண்டேன், பசி என்று சொல்லச் சொல்கிறார்.

“ஆகலி” என்றேன்.

சரியாக வரவில்லை போலிருக்கிறது, தலையை ஆட்டினார். இன்னும் உரக்கச் சொன்னேன். காலையிலிருந்து பயத்தில் எனக்குப் பசி என்பதே இல்லை. ஆனாலும் ஊரே கேட்கும்படி மூன்றாம் முறையும் சொன்னேன். அவர் உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்தார், இலை வந்தது. மற்ற யாரையும் பக்கத்தில் விடாமல் அவரே பரிமாறினார்.

அவர் பேசவும் ஆரம்பித்தார். கேழ்வரகுக் களியை வைத்துவிட்டு ஏதோ சொன்னார். குழம்பை ஊற்றிவிட்டு நிறைய சொன்னார். நான் ஒரு வாய் எடுத்ததும் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி, இடையில் ஒருமுறை தானே சிரித்து, ஒருமுறை கண்ணைத் துடைத்து, நிறுத்தாமல் பேசினார். அத்தனையும் தெலுங்கு. ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

பக்கத்து இலையில் இருந்த என் அக்காள் கணவர் முழங்கையால் இடித்து, “அந்தம்மா என்னவே சொல்லுதாக?” என்று கேட்டார்.

“எனக்கு என்ன தெரியும்?” என்றேன். “நீங்க சும்மா இருங்க, அத்தான். அவங்க பேசட்டும்.”